கிலோமீட்டர் கணக்கு

1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் டெபி மேயர் 200, 400, 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 16. அதே ஒலிம்பிக்ஸில் 1500 மீட்டரை வென்றவர் மைக் பர்ட்டன். இருவருமே கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஷெர்ம் சாவூரிடம் பயின்றவர்கள். சாவூரின் வழி ரொம்ப எளிது: போட்டித் தூரத்தைப்போலப் பல மடங்கைப் பயிற்சியிலேயே நீந்திவிடு. பதக்கம் வந்தபிறகு யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்? எழுபதுகளில் முன்னணி வீரர்களுக்கு நாளுக்குப் பத்து கிலோமீட்டர் என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மீட்டருக்கு இரண்டு கையும் சேர்த்து 16 வீச்சு என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோமீட்டருக்கு 6,400. ஒரு தோளுக்கு 3,200. வாரத்தில் ஆறு நாள் என்றால் 19,200. ஒவ்வொரு முறையும் கை தலைக்கு மேலே போய் வருகிறது. தோள்பட்டை எலும்பின் முனைக்குக் கீழே, ஒரு குறுகிய இடைவெளியில்தான் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண் ஓடுகிறது. ஓய்வில்லாமல் வேலை வாங்கினால் அது தடித்து, நைந்து, வலிக்க ஆரம்பிக்கும்.

1974-இல் கென்னடி, ஹாகின்ஸ் என்ற இரு கனடா மருத்துவர்கள் இந்த வலிக்கு ‘ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘நீச்சல்காரரின் தோள்’ என்றால் நீந்துகிறவனுக்கு வலிக்கத்தானே செய்யும் என்று தோன்றிவிடுகிறது. எவ்வளவு நீந்தினான் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

சரி, அவ்வளவு தூரம் தேவைதானா? அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டில் குழு 1991-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. கல்லூரி நீச்சல் வீரர்களில் ஒரு குழு தினம் ஒருவேளை, ஒன்றரை மணி நேரம் நீந்தியது. இன்னொரு குழு ஆறு வாரங்களுக்கு இரண்டு வேளை. இரட்டிப்பாக நீந்தியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலான போட்டிகள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுபவை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

2010-இல் சிட்னி ஆய்வாளர்கள் 80 உயர்நிலை வீரர்களைப் பரிசோதித்தார்கள். 91 சதவீதம் பேர் தோள்வலி உண்டு என்றார்கள். 52 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் 69 சதவீதம் பேருக்கு அந்த நாண் பாதிக்கப்பட்டிருந்தது. மூட்டுத் தளர்வுக்கும் நாண் பாதிப்புக்கும் தொடர்பில்லை. நீந்திய மணிக்கும் தூரத்துக்கும் இருந்தது. ஒரு சமயத்தில் எடுத்த படம்தான், அதை வைத்து இதனால்தான் இது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கை நீள்கிற திசை தெளிவு.

இவ்வளவு தெரிந்தும் கிலோமீட்டர் ஏன் போகவில்லை? எண்ணுவது சுலபம், அதனால்தான். என் மென்பொருள் துறையில் எத்தனை வரி நிரல் எழுதினாய் என்று அளந்த காலம் உண்டு. எண் ஏறியது, தரம் ஏறவில்லை. அங்கே கெட்டுப்போன நிரலைத் திருத்தி எழுதிவிடலாம். சிட்னியில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 வயதுக்காரர்களும் இருந்தார்கள். பயிற்சி நோட்டில் தூரத்துக்குப் பக்கத்தில், ‘இன்னைக்குத் தோள் எப்படி இருக்கு?’ என்று கேட்டு எழுத ஒரு கட்டம் போட்டால் போதும், அங்கிருந்தாவது தொடங்கலாம்.