மாற்றொலி

மொழியியலில் மாற்றொலி என்பது, ஒரே ஒலியன் சொல்லில் தான் வரும் இடத்துக்கேற்ப வேறுபட்டு ஒலிக்கும்போது அமையும் வடிவங்களுள் ஒன்றாகும். ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தவல்ல மிகச்சிறிய ஒலி அலகு ஒலியன் எனப்படுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவது, பல்கலைக்கழகங்களின் தொடக்கநிலை ஒலியியல், ஒலியனியல் தேர்வுகளில் பொதுவாக இடம்பெறும் பயிற்சியாகும்.

கண்டறியும் முறை

முதலில், ஆராயப்படும் இரண்டு ஒலிகளால் மட்டுமே வேறுபட்டு, வெவ்வேறு பொருள் தரும் சொல் இணை தேடப்படும். மனம், மணம் என்பன அத்தகைய இணை. ஆகவே தமிழில் ன, ண ஆகிய இரண்டும் தனி ஒலியன்கள். இது வேற்றுநிலை வழக்கு எனப்படும்.

இணை கிடைக்காவிடின், ஒவ்வோர் ஒலியும் வரும் சூழல்கள் பட்டியலிடப்படும். ஒன்று வரும் இடத்தில் மற்றது வராதிருப்பது துணைநிலை வழக்கு ஆகும். இவ்வாறு வரும் ஒலிகள் ஒலிப்பிலும் ஒத்திருந்தால் மட்டுமே மாற்றொலிகளாகக் கொள்ளப்படும். ஆங்கிலத்தில் 'ஹ' ஒலி சொல்லின் இறுதியில் வருவதில்லை. 'ங' ஒலி சொல்லின் முதலில் வருவதில்லை. எனினும் ஒலிப்பில் ஒற்றுமை இல்லாமையால் அவை தனி ஒலியன்களே.

மொழிக்கு மொழி வேறுபாடு

பல், அப்பம் ஆகிய தமிழ்ச் சொற்களில் பகரத்தை ஒலிக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. கம்பம் என்பதில் மெல்லெழுத்தை அடுத்து வரும் பகரம் அதிர்வுடன் ஒலிக்கின்றது. தமிழில் இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். இந்தியிலோ, 'பல்' என அதிர்வின்றி ஒலித்தால் கணப்பொழுது என்றும், அதிர்வுடன் ஒலித்தால் வலிமை என்றும், மூச்சு மிகுத்து அதிர்வின்றி ஒலித்தால் பழம் என்றும் பொருள்படும். அங்கு இம்மூன்றும் தனி ஒலியன்கள். ஆங்கிலத்தில் 'பின்' என்னும் சொல்லின் முதலொலி மூச்சு மிகுந்தும், 'ஸ்பின்' என்பதில் மூச்சு மிகாமலும் ஒலிக்கும்; பொருளை வேறுபடுத்தாமையால் இவை அம்மொழியில் மாற்றொலிகள்.

எழுத்தும் ஒலியும்

எழுத்தை ஒலியனாகக் கொள்வது மாணவர் பலரிடம் காணப்படும் பிழையாகும். தீவினையைக் குறிக்கும் 'பாவம்', மெய்ப்பாட்டைக் குறிக்கும் வடமொழிக் கடன்சொல்லான 'பாவம்' ஆகிய இரண்டும் எழுத்தில் ஒன்றே. ஆனால் பலர் பின்னதை அதிர்வொலியுடன் தொடங்குவர். அவர்களது பேச்சில் இவை வேற்றுநிலை வழக்கில் அமைவதால், அதிர்வுடைய பகரமும் தனி ஒலியன் தகுதி பெறுகின்றது. இரண்டையும் ஒன்றுபோல ஒலிப்பவர் பேச்சில் இவ்விணை அமைவதில்லை. எனவே ஒலியனியல் ஆய்வில் எழுத்துருவை அன்றி, ஆராயப்படும் பேச்சையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும்.