நோய்ப்பரவல் கணிதமும் காவிரிப் படுகையும்

நோய்ப்பரவல் கணிதம்: தொற்றுநோய் எவ்வளவு வேகமாகப் பரவும், எப்போது தணியும் என்பதைச் சமன்பாடுகளால் ஆராயும் துறை. இதன் தொடக்ககாலக் கணக்குகள் சிலவற்றுக்கு இந்தியா களம். 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அற்றுவிடும் என்று பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கெண்ட்ரிக், கெர்மாக்குடன் சேர்ந்து 1927-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, 1905–06 பம்பாய் பிளேக் சாவுக்கணக்கோடு தன் சமன்பாடு தந்த வளைகோட்டைப் பொருத்திப் பார்த்தது.

காவிரிப் படுகை இந்த வரலாற்றுக்குள் வருவது பட்டுக்கோட்டை வழியாக. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் (ஊரார் சொல்லும் புதுஆறு) வழியே அதுவரை மானாவாரியாகக் கிடந்த நிலங்களுக்குத் தண்ணீர் வந்தது. கூடவே முறைக்காய்ச்சலும் (மலேரியா) வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே ஆய்வு நடத்தினார். சீர்கெட்ட, ஒழுங்கற்ற பாசனத்தால் வந்த மலேரியா என்று 1938-இலேயே எழுதினார். பழி தண்ணீரின் மேல் இல்லை, கசிந்தும் வடியாமலும் தேங்கியதன் மேல்.

அவரும் டி. ராமச்சந்திர ராவும் கண்டறிந்ததில் உழவருக்கு உடனே விளங்கும் செய்தி ஒன்று உண்டு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் க்யூலிசிஃபேசிஸ் கொசு, நெல் நட்ட புதிதில் வயல்நீரில் முட்டையிடும். பயிர் சுமார் ஓரடி உயர்ந்துவிட்டால் இடாது. நிழல் மட்டும் காரணமில்லை. முட்டையிடும்போது நீருக்குச் சற்று மேலே பறந்தபடி நிற்கும் கொசுவுக்கு நிமிர்ந்து நிற்கும் தாள்களே இடைஞ்சல். எனவே 'நெல்வயல் இத்தனை ஏக்கர், கொசு இவ்வளவு' என்று பெருக்குவது தப்புக்கணக்கு. நடவு முடிந்து எத்தனை நாள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

ராஸின் கணக்கை 1950-களில் விரித்த ஜார்ஜ் மக்டொனால்டு, கொசுவின் எண்ணிக்கையைவிட ஆயுளுக்கு முதலிடம் தந்தார். கொசுவுக்குள் கிருமி முதிர்ந்த பிறகே நோய் பரவும்; அதற்கு ஏறத்தாழ பத்து நாள் என்று வைப்போம். நாளொன்றுக்கு நூற்றில் 90 கொசு பிழைத்தால், பத்தாம் நாள் 35 மிஞ்சும்; 80 பிழைத்தால் 11தான். 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வீட்டுச் சுவர்களில் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் கொசுவின் ஆயுளைக் குறைத்தது ஏன் பயன் தரும் என்பதை இந்தக் கணக்கு விளக்குகிறது. க்யூலிசிஃபேசிஸ் பின்னர் டிடிடிக்கு மசியாத கொசுவானது.