ஹார்ட்விக் மாளிகை

இங்கிலாந்தின் டார்பிஷயர் நாட்டுப்புறத்தில், குன்றொன்றின் மேல் 1590 முதல் 1597 வரை கட்டப்பட்ட ஹார்ட்விக் மாளிகை, முதலாம் எலிசபெத் காலத்து மணற்கல் மாளிகை ஆகும். வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசுப் பட்டியலில் இது முதல் தரத்தில் இடம்பெற்றுள்ளது. ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், 'ஹார்ட்விக்கின் பெஸ்' என அறியப்பட்டவர், தாம் பிறந்த ஊரில் இதை எழுப்பினார். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் எனக் கருதப்படுகிறது.

நீள்சதுர நடுப்பகுதியைச் சுற்றி ஆறு கோபுரங்கள் உயர, அவற்றின் உச்சியில் உரிமையாளரின் பெயர் முதலெழுத்துகளான 'ஈ', 'எஸ்' ஆகியவை கல்லில் செதுக்கப்பட்டு வானத்தின் பின்னணியில் தெரிகின்றன. கண்ணாடி மிக விலையுயர்ந்த பொருளாயிருந்த அக்காலத்தில், கற்சட்டங்களால் பகுக்கப்பட்ட சாளரங்கள் மாடிக்கு மாடி உயரம் கூடி, அரசமுறை வரவேற்புக்கூடங்கள் அமைந்த மேல்தளத்தில் மிகப் பெரியனவாகின்றன. புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் அமைத்ததால், புறச்சுவர்கள் வலுவிழக்காமல் இத்தனை திறப்புகளைத் தாங்க முடிந்தது. கட்டடத்தின் உண்மையான நுட்பம் இங்கேதான் இருக்கிறது. வாயிலுக்குக் குறுக்காகப் பொதுக்கூடத்தை அமைக்கும் இடைக்கால மரபை விடுத்து, அதை மாளிகையின் நடு அச்சிலேயே முன்பின்னாக அமைத்தது ஆங்கில இல்லக் கட்டடக்கலையில் புதிய போக்காகும். மேல்தளப் பெருங்கூடத்தின் சுவர் உச்சியில், வேட்டைத் தெய்வம் டயானாவும் காட்டு விலங்குகளும் வண்ணச் சுதைப் புடைப்புகளாக உள்ளன.

பெஸ் 1608-இல் மறைந்தபின் மாளிகை டெவன்ஷயர் பிரபுக்களாக உயர்ந்த அவர் வழியினரிடம் இருந்தது. மரபுரிமை வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959 முதல் தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளது.