மணவாழ்வும் எச்.ஐ.வி. தொற்று அபாயக் கணக்கும்

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த எலிசா பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. துணிவும் கூர்மையும் நிறைந்த பணி அது. ஆனால் தேடிய இடத்தில் கிடைத்ததை, அந்த இடத்தில் மட்டுமே இருக்கிறது என்று நாடு எடுத்துக்கொண்டது. தொற்று உறுதியான பெண்கள் சென்னைக் காப்பகத்தில் உரிய காலத்துக்கு அப்பாலும் அடைத்து வைக்கப்பட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே 1990-இல் விடுவிக்கப்பட்டார்கள். அபாயம் இன்னாரிடம்தான் இருக்கிறது என்ற அந்த எண்ணம், பாதுகாப்பான உடலுறவு பற்றிய நம் பேச்சை இன்றுவரை திசைமாற்றி வந்திருக்கிறது. எந்தச் செயல், எத்தனை முறை, உடலில் வைரஸ் எவ்வளவு என்ற மூன்றையும் கொண்டு அபாயத்தை அளந்தால், நாம் போதிய கவனம் செலுத்தாமல் விட்ட இடம் மணவாழ்வு என்பது தெளிவாகும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

முதலில் செயல். எச்.ஐ.வி. பரவ வேண்டுமானால் இரத்தம், விந்து, யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றுள் ஒன்று மற்றொருவரின் சளிச்சவ்வையோ இரத்த ஓட்டத்தையோ எட்ட வேண்டும். கொசு, எச்சில், ஒரே தட்டில் உண்பது ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. அதைப் பற்றி இனியும் விவாதிக்க ஒன்றுமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பீடு, தொற்றுள்ள ஒருவரோடு பாதுகாப்பின்றி நடக்கும் 10,000 உறவுகளுக்கு எத்தனை தொற்றுகள் நேரலாம் என்று கூறுகிறது. யோனி வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. ஆசனவாய் வழி உறவில் உள்வாங்குபவருக்கு 138, மற்றவருக்கு 11. வாய்வழி உறவில் அபாயம் மிகக் குறைவு. மலக்குடலின் உட்புறச் சவ்வு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது, எளிதில் கிழிவது; 138 என்ற எண்ணுக்கு அந்த உடற்கூறே முதன்மைக் காரணம். உறவில் ஈடுபடுவோர் ஆணும் ஆணுமா, கணவனும் மனைவியுமா என்பது அந்தச் சவ்வுக்குத் தெரியாது. ஓரினச் சேர்க்கையாளர்களின் நோய் என்று சொல்லி ஒதுங்குபவர்கள், பல ஆண்–பெண் உறவுகளிலும் இச்செயல் நடக்கிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

10,000-க்கு 8 என்பது அற்பமான எண்ணாகத் தோன்றும். அதைத் தனியே எடுத்து வைத்தால் அலட்சியத்துக்கே வழிவகுக்கும். இங்கேதான் இரண்டாவது அளவு, அதாவது எண்ணிக்கை, நுழைகிறது. தொற்றுள்ள, சிகிச்சை பெறாத கணவனோடு வாரம் இருமுறை உறவு கொள்ளும் மனைவிக்கு ஓராண்டில் ஏறத்தாழ 100 உறவுகள். ஒவ்வொன்றிலும் அபாயம் 10,000-க்கு 8 என்றால், ஆண்டு முடிவில் தொற்று நேரும் வாய்ப்பு 100-க்கு 8-ஐ நெருங்குகிறது. பத்தாண்டில் அது 100-க்கு 55 ஆகிறது. இதை ஓர் ஒப்பீட்டால் பார்க்கலாம். ஒருவன் பத்துப் பெண்களோடு தலா ஒரு முறை உறவு கொள்கிறான், அவர்களில் ஒருவருக்கே தொற்று உள்ளது என்று வைத்துக்கொண்டால், அவன் எதிர்கொள்வது 10,000-க்கு 4 மட்டுமே. பலரோடு பழகியவன் என்று ஊர் தூற்றும் அவனைவிட, ஒருவனையே நம்பி வாழ்ந்த மனைவி ஓராண்டிலேயே ஏறத்தாழ இருநூறு மடங்கு அபாயத்தில் இருக்கிறாள். இந்தக் கணக்கு எளிமைப்படுத்தப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா உறவுகளுக்கும் ஒரே அபாயம் என்று அது கொள்கிறது. நடைமுறையில் சில தம்பதியரிடம் ஆண்டுகள் பல ஆகியும் தொற்று பரவுவதில்லை. பால்வினை நோய்ப் புண் இருந்தாலோ, கணவனுக்கு அண்மையில்தான் தொற்று ஏற்பட்டிருந்தாலோ முதல் சில வாரங்களிலேயே பரவிவிடக்கூடும். ஆனால் கணக்கு சுட்டும் திசை மாறுவதில்லை.

அத்திசையைக் களச் சான்றுகளும் உறுதி செய்கின்றன. சென்னையில் எச்.ஐ.வி. தொற்றோடு சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள் என்றும், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டவர்கள் என்றும் காட்டியது. அதற்கு முன்பே, 1997-இல், புனேயின் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த திருமணமான பெண்களிடம் நடந்த ஆய்வும் இதே உண்மையைச் சொன்னது. கணவனின் நடத்தையே அப்பெண்களின் முதன்மையான அபாயமாக இருந்தது. கற்போடு இரு, பாதுகாப்பாக இருப்பாய் என்ற அறிவுரையை அவர்கள் முழுமையாகக் கடைப்பிடித்தவர்கள். அறிவுரையை மீறியதால் அவர்களுக்குத் தொற்று வரவில்லை; அந்த அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாததாக இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெங்கும் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரத்தை இப்போது நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நோய் யாருக்கோ வருவது என்ற நிம்மதியைக் கலைத்து, நடுத்தர வர்க்க ஆணை நடுவில் நிறுத்தியது அதன் பெருமை. புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று கேட்கும் சுவரொட்டி மட்டும் ஊரில் எங்கும் ஒட்டப்படவில்லை.

மூன்றாவது அளவே, அதாவது உடலில் உள்ள வைரஸின் அளவே, மிக முக்கியமானது. உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 415 தம்பதியரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,500-க்குக் குறைவான வைரஸ் பிரதிகள் இருந்தவர்களிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவவில்லை. வைரஸ் அளவு பத்து மடங்கு கூடும்போது பரவும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடியது. அதே மாவட்டத்தில் 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, தொற்று ஏற்பட்ட முதல் இரண்டரை மாதங்களில் ஓர் உறவுக்கான அபாயம், பிந்தைய நிலையான காலத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு அளவுக்கு மிகுந்திருந்தது. வைரஸ் உச்சத்தில் இருக்கும் இந்த நாட்களில் பரிசோதனை முடிவு தொற்று இல்லை என்றே வரக்கூடும். தொற்றாளருக்கும் தன் நிலை தெரியாது. ஆகவே ஒருவரின் முகத்தையோ தொழிலையோ குலத்தையோ பார்த்து அபாயத்தை ஊகிப்பது அறிவியலுக்கு எதிரானது. தொற்று இருப்பதை அறிந்து ஒழுங்காக மருந்து உண்பவரைவிட, இதுவரை பரிசோதித்துக்கொள்ளாதவரே கூடுதல் கவனத்துக்குரியவர்.

மருந்தே தடுப்பு மருந்தாகவும் செயல்படுகிறது என்பதை நிறுவிய ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையும் புனேயும் களங்களாக இருந்தன. உடனே கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைந்ததை 2011-இல் அறிவித்தார்கள். வைரஸ் நிலையாக அடங்கியிருந்த காலத்தில் துணைக்கு ஒரு தொற்றும் பரவவில்லை. பின்னர் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் இதை இன்னும் உறுதியாக்கின. 2019-இல் வெளியான இரண்டாம் கட்டத்தில் 782 ஆண் இணையர் ஆணுறையின்றி 76,000-க்கும் மேற்பட்ட முறை உறவு கொண்டார்கள். சிலருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டபோது அவற்றில் ஒன்றுகூடத் துணையிடமிருந்து வந்ததில்லை என்று தெரிந்தது. கண்டறிய இயலாத அளவுக்கு வைரஸ் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவும் அபாயம் சுழியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. தாய்ப்பாலுக்கும் ஊசிப் பகிர்வுக்கும் இந்த உறுதி பொருந்தாது.

இவ்வாதத்துக்கு முதல் மறுப்பு நோய்ப்பரவலியலிலிருந்தே வரும். இந்தியாவில் வயதுவந்தோரிடையே தொற்று விகிதம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு, பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஆகியோரிடம் அது பல மடங்கு கூடுதல். அவர்களிடையே ஆணுறையைக் கொண்டு சேர்த்ததால்தான் தமிழ்நாட்டில் பரவல் தணிந்தது. அப்படியிருக்கக் குழுக்களை எப்படி மறுப்பது? மறுப்பு நியாயமானது, நான் குழுக்களை மறுக்கவில்லை. பணத்தையும் பணியாளர்களையும் எங்கே அனுப்புவது என்று அரசு கேட்கும் கேள்விக்குக் குழு என்ற வகைப்பாடு சரியான விடை தருகிறது. இன்று இரவு நான் ஆணுறை அணிய வேண்டுமா என்று தனிமனிதன் கேட்கும் கேள்விக்கு அது விடையாகாது. நிதி ஒதுக்கீட்டுக்காக உருவான வகைப்பாடு படுக்கையறை முடிவுகளுக்குள் கசிந்ததில் இரட்டைக் கேடு விளைந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் இழிவுக்கு ஆளாகி மருத்துவமனையைத் தவிர்த்தார்கள். சேராதவர்கள் தங்களுக்கு ஆபத்தே இல்லையென்று நம்பினார்கள்.

இரண்டாவது மறுப்பு, வைரஸ் அடங்கினால் பரவாது என்று சொன்னால் மக்கள் ஆணுறையைக் கைவிடுவார்கள் என்பது. இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆணுறை சிபிலிஸ், கொனோரியா, விரும்பாத கருத்தரிப்பு ஆகியவற்றையும் தடுப்பது. மருந்து அவற்றைத் தடுக்காது. மருந்து வாங்கி வீட்டில் வைத்திருப்பது வேறு, வைரஸ் அடங்கியிருப்பது வேறு. பரிசோதனை அறிக்கையே அதைச் சொல்ல முடியும், அதுவும் சில மாதங்கள் இடைவிடாமல் மருந்து உண்ட பிறகு. ஆனால் ஆணுறையின் மெய்யான திறனையும் கணக்கில் எடுக்க வேண்டும். எப்போதும் பயன்படுத்துவதாகச் சொல்லும் ஆண்–பெண் இணையரிடம் அது தொற்றை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைக்கிறது. உறையின் ரப்பர் வைரஸைத் தடுத்துவிடும். குறைபாடு, மனிதர்கள் அதை அணியும் விதத்திலும் அணிய மறக்கும் இரவுகளிலும் இருக்கிறது. முன்பு கண்ட பத்தாண்டுக் கணக்கில் ஒவ்வோர் உறவின் அபாயத்தையும் 80 விழுக்காடு குறைத்தாலும் 100-க்கு 15 மிஞ்சுகிறது. எனவே நீண்ட மணவாழ்வில் ஆணுறையை மட்டும் போதிப்பது அரைகுறைப் பாதுகாப்பு. சிகிச்சையே அங்கு முதுகெலும்பு. துணையின் நிலை தெரியாத உறவுகளில்தான் ஆணுறையும், தொற்று வருமுன் உண்ணும் ப்ரெப் மருந்தும் முன்னணியில் நிற்க வேண்டும். உறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உண்ண வேண்டிய பின்தடுப்பு மருந்து உண்டு என்பதையும் அங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மையை மறைத்து ஆணுறைப் பழக்கத்தைக் காக்கலாம் என்று நினைப்பது, மருந்தை ஒழுங்காக உண்ண ஒருவருக்கு இருக்கும் மிக வலுவான காரணத்தை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. அபாயக் கணக்கைக் கற்பித்தாலும் ஆணுறை அணியச் சொல்லும் அதிகாரம் மனைவிக்கு இல்லையே, சொன்னால் சந்தேகமும் அடியும் விழுமே என்பது. இதை அறிவால் மட்டும் வெல்ல முடியாது. கர்ப்பகாலத்தில் பெண்ணுக்குப் பரிசோதனை நடக்கிறது. ஆணுக்கு அப்படியொரு வழக்கமான தருணமே இல்லை. அதனால் குடும்பத்தில் தொற்று முதலில் மனைவியிடம் தெரியவருகிறது, பழியும் அவள்மேல் விழுகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. தொற்றுள்ளவர் அதைப் பரப்பாதிருக்கத் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று கூறும் அச்சட்டம், நிலையை வெளியிட்டால் வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ ஆளாகக்கூடிய பெண்ணுக்கு விலக்கு அளிக்கிறது. மருத்துவமும் முன்னேறியிருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். 2024-இல் வெளியான முடிவின்படி அவர்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. துணையின் சம்மதத்தை எதிர்பார்க்காமல் ஒரு பெண் தானே எடுத்துக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு இத்தகையது. ஆணுறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பேசினால் ஒழுக்கம் கெடும் என்ற பழைய மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. பாலியல் கல்வி பாலுறவைப் பெருக்குவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் தொடங்கியது. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை 2017-இல் வந்தது. எச்.பி.டி.என். முடிவுக்கும் அதற்கும் இடையே ஆறு ஆண்டுகள் போய்விட்டன. மருந்து வந்துவிட்டது; மருந்தின் பொருள் இன்னும் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்கள் கணவனையும் மனைவியையும் ஒன்றாக அழைத்துப் பரிசோதிப்பதைக் கர்ப்பகாலத்தின் வழக்கமாக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மையங்கள் வைரஸ் அளவு அறிக்கையைக் கோப்பில் செருகிவிட்டு அனுப்பாமல், அந்த எண் தம்பதியருடைய உறவுக்கும் குழந்தைப்பேற்றுக்கும் என்ன சொல்கிறது என்று தமிழில், இருவரும் இருக்கும்போது விளக்க வேண்டும். இதைச் செய்யப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.