ரோஜா இல்லை, அரளி: ஒரு தொட்டிச் செடியின் வரலாறு

உங்கள் வீவக புளோக்கின் தாழ்வாரத்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள். அடித்தண்டு பானை வயிறு மாதிரி உப்பி, கிளை நுனியில் இளஞ்சிவப்புப் பூக்களோடு ஒரு தொட்டிச் செடி எங்காவது கண்ணில் படும். அதுதான் அடினியம். சீன அண்டை வீட்டார் அதைச் செல்வமும் சிறப்பும் தரும் பூ என்ற பொருளில் ‘ஃபூ குய் ஹுவா’ என்பார்கள். நாம் ‘பாலைவன ரோஜா’ என்கிறோம்.

என் உயர்நிலை மூன்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், ரோஜான்னு பேரு, ஆனா முள்ளே இல்லையே?” எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்த பிறகு, ஒரு பெயருக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று புரிந்தது.

அடினியம் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவின் தென்பகுதியிலும் இயற்கையாக வளர்வது. ஓமானின் தோஃபார் கடற்கரை மலைகள் அதன் தாயகங்களில் ஒன்று. வறண்ட நாடுதான், ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலைகளை மூடுபனி போர்த்திவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரம், குளிர்ந்த கடல்நீரின் மேல் படும்போது பனிமூட்டமாகி மலையில் மோதுகிறது. குற்றாலத்தில் நமக்குச் சாரல் தருவதும் அதே காற்றுதான்! கிடைத்த நீரை அடினியம் தன் தடித்த தண்டில் சேமித்து வைக்கும். வறட்சி வந்தால் இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும்.

இந்தச் செடியை அறிவியல் உலகத்துக்குச் சொன்னவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். 1732இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். 1761இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக் குழுவோடு அரேபியாவுக்குப் புறப்பட்டார். ஏமனில் செடிகளைத் தேடித் தேடிக் குறிப்பெழுதியவர், 1763இல் அங்கேயே மலேரியாவால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. குழுவில் இருந்த ஆறு பேரில் உயிரோடு ஊர் திரும்பியவர் ஒருவர்தான். அவர் நில அளவையாளர் கார்ஸ்டன் நீபூர். தாவரவியல் அவருடைய துறை இல்லை. இருந்தாலும் நண்பரின் குறிப்புகளை வீணாக விடாமல் 1775இல் நூலாக வெளியிட்டார்.

அந்த நூலில் இந்தச் செடியின் பெயர் ‘நேரியம் ஒபேசம்’. நேரியம் என்றால் நம் அரளி. ஒபேசம் என்றால் பருத்தது. ஆக, அதற்கு வைத்த முதல் அறிவியல் பெயரே ‘பருத்த அரளி’தான்! 1819இல் ரோமர், ஷுல்டெஸ் என்ற இருவர் அதைத் தனிப் பேரினமாக்கினார்கள். ஏடன் என்ற ஊர்ப்பெயரை நினைவூட்டும் ‘அடினியம்’ என்ற பெயர் அப்போது வந்தது. இன்றும் அரளியும் அடினியமும் ஒரே தாவரக் குடும்பம்தான். அரளியைப் போலவே இதன் பாலும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் அதைத் தடவினார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனமாக இருங்கள்.

அப்படியென்றால் ‘ரோஜா’ எங்கிருந்து வந்தது? ஆங்கில வழக்குப் பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்தது. இதனால் நமக்கு இரண்டு இழப்பு. நமக்கு நன்றாகத் தெரிந்த அரளியின் உறவு மறைந்துபோனது ஒன்று. ‘பாலைவனம்’ என்றதும் மணல்மேடு மட்டுமே மனத்தில் வருவது இன்னொன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை வந்தால் அந்த நிலம் மறுபடி பச்சையாகும். பனிக்காலத்தில் பசுமையாகி மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் தோஃபார் மலைகளுக்கு இந்தப் ‘பாலை’ எவ்வளவு பொருத்தம், பாருங்கள். அதனால் இதைப் ‘பாலை அரளி’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

அந்தக் கரை நமக்குப் புதிதும் இல்லை. தோஃபாரில் கோர் ரோரி என்னும் இடத்தில் ஒரு பழந்துறைமுகம் இருந்தது. அங்கே இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டெடுத்த பானை ஓடு ஒன்றில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. முதல் நூற்றாண்டு. நக்கீரர் பெயரில் வரும் அதே கீரன்! ஃபோர்ஸ்கோல் அரேபியாவுக்குப் போவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப்பெயர் அந்தக் கரையில் இறங்கியிருக்கிறது.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: மாணவர்கள் தங்கள் புளோக்கில் உள்ள ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அக்கம்பக்கத்தார் அதை எந்தெந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். எந்தப் பெயர் செடியைப் பார்த்து வைத்தது, எது இன்னொரு மொழியைப் பார்த்து வைத்தது என்று பிரிக்கச் சொல்லுங்கள். தேர்வு எழுதும் மாணவர்களே, கட்டுரையில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும் முன் நீங்களும் ஒரு நொடி நின்று, அந்தப் பொருளையே பாருங்கள். சரியான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும்.