தவிடு சொன்ன செய்தி

ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மிற் பலர், விடியற்காலையில் தவிட்டைப் பிசைந்து வைத்துக் கோழிகளை அழைத்த காட்சியை மறந்திருக்க மாட்டோம். அரிசியை நமக்கென வைத்துக்கொண்டு தவிட்டைக் கோழிக்கு இட்டோம். சிறந்த பங்கு யாருக்குச் சென்றது? இவ்வினாவிற்கு ஜாவாத் தீவின் கோழிகள் விடை கூறின.

சிப்பாய்களும் கைதிகளும் பெரிபெரி நோயால் மடிந்த காலம் அது. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில் அந்நோயை ஆராய்ந்தவர் டச்சு வைத்தியர் ஐக்மன். 1889-இல் அவருடைய கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சிய, நன்கு தீட்டிய அரிசிச் சோறே அவற்றின் தீனி. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்தார்; தவிடு நீங்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறின!

சோற்றில் நஞ்சிருப்பதாகவே ஐக்மன் முதலில் கருதினார். இன்றியமையாத சத்தொன்று குறைவதே காரணம் என்று 1901-இல் கிரைன்ஸ் என்பார் விளக்கினார். தயாமின் என்னும் அச்சத்து 1926-இல் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1929-இல் ஐக்மன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இறைச்சிக்காகக் கோழிகளை மேயவிட்டு வளர்ப்போர், மக்காச்சோளத்தில் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தவிட்டை இன்றும் கலக்கின்றனர். மேய்ச்சலில் பூச்சியும் பசுந்தழையும் கிடைக்கும். ஆயினும் நார் மிகுந்த தவிடு மட்டும் போதாது, பிண்ணாக்கும் வேண்டும். எண்ணெய்ப் பசையால் தவிடு விரைவில் கெடுமாதலால் புதியதையே இடுதல் நன்று.

மலிவென்று நாம் கோழிக்கு ஒதுக்கிய தவிடே மனித உயிரைக் காக்கும் வழியையும் காட்டிற்று.