அன்பு மட்டும் போதாத நாற்காலி: ரசிகர் அறக்கட்டளைகளின் வரலாறு கற்பிக்கும் குணங்கள்

கால்பந்துக் கழகம் ஒன்றை உயிராக நேசிப்பவர், அந்த நேசத்தின் காரணமாகவே அதை நிர்வகிக்கும் தகுதியையும் பெற்றுவிடுகிறாரா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடைமுறைக் கேள்வியாகவே இருந்துவருகிறது. கடனில் மூழ்கிய கழகங்களைக் காப்பாற்ற ரசிகர்கள் அறக்கட்டளைகளை அமைத்தனர். உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டு அவற்றின் நிர்வாகக் குழுக்களில் அமர்ந்தனர். வழக்கறிஞரும் கணக்காயரும் அக்குழுக்களுக்குப் பயன்படுவர் என்பது வெளிப்படை. ஆனால் தொழில்திறன் வேறு, குணம் வேறு. எத்தகைய குணமுடையவர் அந்த நாற்காலிக்கு உரியவர் என்பதை நெருக்கடிகளே கற்பித்தன. அப்பாடங்களை இங்கே தொகுத்துப் பார்க்க முயல்கிறேன்.

ரசிகர்கள் கழகங்களுக்குப் பணம் திரட்டித் தருவது புதிதன்று. 1920களில் உருவான ரசிகர் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு, 'உதவுவோம், இடையூறு செய்யோம்' என்று பொருள்படும் வாசகத்தைத் தன் முழக்கமாகக் கொண்டிருந்தது. பார்வையாளர் மாடங்களுக்குக் கூரை போடவும் படிவரிசைகள் கட்டவும் மன்றங்கள் பணம் சேர்த்துக் கொடுத்தன. அப்பணம் எவ்வாறு செலவாகிறது என்று கேட்கும் இடத்தில் மட்டும் அவை இல்லை. கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பணிவே நல்ல ரசிகரின் இலக்கணமாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்த இலக்கணத்தை மாற்றி எழுதிய ஊர் நார்தாம்ப்டன். 1992ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நார்தாம்ப்டன் டவுன் கழகத்தின் கடன் ஏறத்தாழ 16 லட்சம் பவுண்டு. ஜனவரியில் கூடிய பொதுக்கூட்டத்தின் விளைவாக ஓர் அறக்கட்டளை பிறந்தது. பிரையன் லோமாக்ஸ் அதன் தலைவரானார். கழகத்தைக் காக்கப் பணம் திரட்டுவது ஒரு நோக்கம். திரட்டிய பணம் பொறுப்புடன் செலவாவதை உறுதிசெய்ய இயக்குநர் குழுவில் ரசிகர்களுக்கு இடம் பெறுவது மற்றொரு நோக்கம். உண்டியல் ஏந்திய கையே கணக்கேட்டையும் கேட்டது. ரசிகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு லோமாக்ஸ் கழகத்தின் இயக்குநரானது ஆங்கிலக் கால்பந்தில் முன்னுதாரணம் இல்லாத நிகழ்வு. இவ்வரலாறு கற்பித்த முதல் குணம் இங்கேதான் தோன்றுகிறது: கணக்குக் கேட்கும் துணிவு. நேசிக்கும் நிறுவனத்திடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலன்று என்னும் தெளிவு இல்லாதவர், நிர்வாகியாக இருந்தாலும் பழைய நன்கொடையாளராகவே நின்றுவிடுவார்.

2000ஆம் ஆண்டில் அரசின் ஆதரவுடன் 'சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. லோமாக்ஸும் அதில் முன்னின்றார். அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் உருவாயின. பெயரில் 'டிரஸ்ட்' என்று இருந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை சட்டப்படி கூட்டுறவு மரபைச் சேர்ந்த சங்கங்கள். எவ்வளவு பணம் தந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. நிர்வாகிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். 1844இல் ராச்டேல் நெசவாளர்கள் நடைமுறைப்படுத்திய கூட்டுறவு நெறியின் வழிவந்த ஏற்பாடு இது. சென்னையில் 1904இல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதே ஊற்றிலிருந்து ஊக்கம் பெற்றது என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்ளலாம். இச்சட்ட வடிவம் நிர்வாகியின் நிலையைத் தெளிவாக வரையறுக்கிறது: அவர் உரிமையாளர் அல்லர், பிறர் உடைமையைச் சிறிது காலம் கையில் வைத்திருப்பவர்.

இரண்டாவது குணம் ஐயப்படும் அறிவு. அது இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு நாட்ஸ் கவுண்டி சான்று. 1862இல் தோன்றிய அப்பழம்பெரும் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு 2009இல் ரசிகர் அறக்கட்டளையிடம் இருந்தது. மத்தியக் கிழக்கின் செல்வம் பின்னணியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு 'மன்ட்டோ ஃபைனான்ஸ்' என்னும் நிறுவனம் வந்தது. உறுப்பினர்கள் பெருவாரியாக ஆதரித்து வாக்களிக்க, கழகம் கைமாறியது. இங்கிலாந்து தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன் கால்பந்து இயக்குநராக வந்தபோது ஐயங்கள் அடங்கின. ஆனால் வாக்களித்த செல்வம் வரவில்லை. உண்மையான முதலீட்டாளர் யார் என்பதும் துலங்கவில்லை. சில மாதங்களில் கழகம் மீண்டும் கைமாறி, 2010 பிப்ரவரியில் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் ஏற்றது கடன் சுமையை. அந்தப் பருவத்தில் அணி தன் பிரிவின் பட்டத்தை வென்றது என்பது இதில் உள்ள முரண். ஆடுகளத்து வெற்றி நிர்வாகத்தின் நலத்துக்குச் சான்றாகாது. கூட்டத்தோடு சேர்ந்து ஆர்ப்பரிக்கும் மனம், 'இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?' என்று தனித்து நின்று கேட்கவும் பழக வேண்டும்.

மூன்றாவது குணம் அவையில் கரைந்துவிடாமை. தேர்தலில் வென்ற ரசிகர் பிரதிநிதி இயக்குநர் குழுவில் அமரும்போது, நேற்றுவரை தொலைவில் நின்று பார்த்தவர்களுடன் ஒரே மேசையில் உணவருந்துகிறார். அந்த அரவணைப்பு இனிது. அதுவே பொறியும் ஆகலாம். ஸ்வான்சீ சிட்டி 2001இல் ஒரு பவுண்டுக்குக் கைமாறிச் சீரழிந்த நிலையில், உள்ளூர்க்காரர்களின் கூட்டு 2002இல் அதை மீட்டது. ரசிகர் அறக்கட்டளை ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேலான உரிமையும் இயக்குநர் குழுவில் ஓரிடமும் பெற்றது. 2011இல் கழகம் பிரீமியர் லீக்கை எட்டியபோது உலகமே அந்த ஏற்பாட்டை மெச்சியது. ஆனால் 2016இல் மற்றப் பங்குதாரர்கள் பெரும்பான்மைப் பங்குகளை அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றபோது, பேச்சுவார்த்தையிலிருந்து தான் ஒதுக்கப்பட்டதாக அறக்கட்டளை குற்றம்சாட்டியது. சட்டப் பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டு 2022இல் சமரசத்தில் முடிந்தது. 2018இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியதால், அறக்கட்டளை கையில் இருந்த பங்குகளின் மதிப்பும் இடையில் குறைந்துபோயிருந்தது. ஒன்றாகப் போராடிய தோழமை எழுத்து வடிவ ஒப்பந்தத்துக்கு மாற்றாகாது. நண்பரிடமும் கையொப்பம் கேட்கும் கூச்சமின்மை இப்பதவிக்கு இன்றியமையாதது.

நான்காவது குணம் இரகசியத்தையும் வெளிப்படைத்தன்மையையும் எடைபோடும் நிதானம். ஒப்பந்தப் பேச்சுகளையும் ஊழியர் பற்றிய செய்திகளையும் நிர்வாகி வெளியிட இயலாது. தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு விளக்கம் சொல்லாமல் இருக்கவும் இயலாது. 2005இல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தைக் கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்துப் பிரிந்த ரசிகர்கள் தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர், ஜனநாயக உரிமையையே தன் அடையாளமாகக் கொண்டது. சொந்த மைதானம் கட்டி 2015இல் அதைத் திறந்தது. அடுத்த ஆண்டே, நிர்வாகம் உறுப்பினர்களிடம் போதிய வெளிப்படைத்தன்மையுடன் நடந்துகொள்ளவில்லை என்னும் பூசல் முற்றி, பொறுப்பாளர்கள் பலர் விலகினர். வெளிப்படையாக இருப்போம் என்ற வாக்குறுதியின் மேல் எழுந்த அமைப்பில் மௌனம் இரட்டிப்பாக உறுத்தும். 'இன்னதை இப்போது சொல்ல இயலாது, அதற்கான காரணம் இது' என்று நேர்நின்று சொல்லும் பண்பு இங்கே தேவைப்படுகிறது.

ஐந்தாவது குணம் உறுப்பினர்களின் அறிவின்மீது நம்பிக்கை. விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸுக்கு இடம்பெயர்க்க 2002 மே 28 அன்று கால்பந்துச் சங்கத்தின் ஆணையம் அனுமதி அளித்தது. சில வாரங்களில் ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தைத் தோற்றுவித்தனர். பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்து, ஜூலை 10 அன்று முதல் ஆட்டம் ஆடினர். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அது தொழில்முறை லீக்கை எட்டியது. கழகத்தின் உரிமை 'டான்ஸ் டிரஸ்ட்' என்னும் ரசிகர் அறக்கட்டளையிடம் இருந்தது. பழைய இடமான பிளவ் லேனில் புதிய மைதானம் எழுப்பும் முயற்சி 2019இன் இறுதியில் நிதிப் பற்றாக்குறையால் தடுமாறியது. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்கலாமா என்னும் பேச்சு எழுந்தது. அப்போது ரசிகர்களிடமிருந்தே கடன்பத்திரத் திட்டம் ஒன்று பிறந்தது. 2020இன் தொடக்கத்தில் அது 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. அவ்வாண்டு நவம்பரில் கழகம் தன் ஊருக்குத் திரும்பியது. குழுவின் அறைக்குள் தீர்வு தென்படாதபோது அறைக்கு வெளியே தேடும் பணிவு இங்கே பயன் தந்தது.

ஆறாவது குணம் புகழற்ற வேலையில் பொறுமை. எக்ஸிடர் சிட்டி 2003இல் லீக்கிலிருந்து வீழ்ந்து கடனில் தத்தளித்தபோது அறக்கட்டளை அதை ஏற்றது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஓல்ட் டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் கோலின்றிச் சமன்செய்தது அனைவர் நினைவிலும் உள்ளது. அந்த ஆட்டமும் மறு ஆட்டமும் ஈட்டிய பணம் கடன் தீர்க்க உதவியது. ஆனால் அதற்கு முன்னரும் பின்னரும் கடன்காரர்களுடன் பேசியவர்கள், உறுப்பினர் பதிவேட்டைப் பேணியவர்கள், ஊதியமின்றி மாலைநேரக் கூட்டங்களில் அமர்ந்தவர்கள் எவர் நினைவிலும் இல்லை. 2008இல் லீக்கிற்குத் திரும்பிய அக்கழகத்தின் பெரும்பான்மை உரிமை இன்றளவும் அறக்கட்டளையிடமே இருப்பதற்கு இந்தப் பெயரற்ற உழைப்பே காரணம்.

இறுதியான குணம், விடத் தெரிதல். 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத் ஐந்தே ஆண்டுகளில் நான்காம் பிரிவுக்குச் சரிந்தது. 2013 ஏப்ரலில் அதை ரசிகர்கள் வாங்கினர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு முதலிட்டனர். பழைய கடன்களை அடைத்து, 2017இல் நான்காம் பிரிவின் பட்டத்தையும் கழகம் வென்றது. அதே ஆண்டு டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனம் வாங்க முன்வந்தபோது, பங்குதாரர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விற்க இசைந்தனர். அம்முடிவு சரியா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் கவனிப்பது வேறொன்று. தன் பதவியையே முடிவுக்குக் கொண்டுவரக்கூடிய வினாவை உறுப்பினர் முன் நேர்மையாக வைக்க நிர்வாகிக்குத் தற்பற்று நீங்கிய மனம் வேண்டும். நாட்ஸ் கவுண்டியிலும் வாக்கெடுப்பு நடந்தது; போர்ட்ஸ்மத்திலும் நடந்தது. முன்னதில் வாங்குபவர் யார் என்பதே மங்கலாக இருந்தது. பின்னதில் அவர் உலகறிந்தவர். வாக்களிப்பவருக்கு முன்வைக்கப்படும் உண்மையின் அளவே வாக்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த உண்மையைத் தேடித் தருவது நிர்வாகியின் கடமை.

இந்த ஆறேழு குணங்களையும் ஒருசேர நோக்கினால் ஒன்று புலப்படுகிறது. இவை அனைத்தும் அன்பைக் கட்டுக்குள் வைக்கும் பயிற்சிகள். கழகத்தின்மீது அன்பில்லாதவர் இந்த ஊதியமற்ற உழைப்புக்கு வரமாட்டார். அந்த அன்பைச் சற்றே தள்ளிவைத்து நோக்க இயலாதவர் வந்தும் பயனில்லை. 2025இல் இங்கிலாந்தில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்து, ரசிகர்களைக் கலந்தாலோசிப்பதையும் கழகங்களின் கடமையாக்கியிருக்கிறது. நாற்காலியைச் சட்டம் போட்டுத்தரும். அதில் அமர்பவரின் குணத்தைச் சட்டம் தராது.

சமூக வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு வரலாற்றைக் கோப்பைகளின் பட்டியலாக மட்டும் எழுதாதீர்கள். பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தணிக்கை அறிக்கைகளையும் தேர்தல் விண்ணப்பங்களில் வேட்பாளர்கள் தம்மைப் பற்றி எழுதிய சில வரிகளையும் வாசியுங்கள். எளிய மனிதர்கள் பொது உடைமையைக் காக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அங்கே பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகளையும் அதே கண்ணோடு புரட்டிப் பார்க்கலாம்.